இல்லாத துணை

ஐப்பசி மழை இடம் கொடுக்கும் ஒரு முன்னிரவில், வடதிசையில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவே கண்ணை ஓட்டினால், செபியஸ் என்று மேனாட்டார் பெயரிட்ட நட்சத்திரக் கூட்டத்தின் ஒரு மூலையில் மூன்று மீன்கள் சிறு முக்கோணமாக நெருங்கி நிற்பதைக் காணலாம். அவற்றுள் இரண்டு நம் கண்ணுக்கு என்றும் ஒரே அளவாக ஒளிர்கின்றன. மூன்றாவதான டெல்டா செபை என்பதோ, ஒரு நாள் அவ்விரண்டில் பிரகாசமானதற்கு ஏறத்தாழ ஈடாக விளங்கி, நான்கு நாள் போல மெல்ல மெல்ல மங்கி, மற்றதற்கும் கீழே தாழ்ந்து, பிறகு ஒன்றரை நாளுக்குள் மளமளவென்று பழைய நிலைக்கு ஏறிவிடுகிறது. 5 நாள் 8 மணி 47 நிமிஷத்துக்கு ஒரு முறை இந்த ஏற்ற இறக்கம் தவறாமல் நடக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். ஒரு பக்ஷ காலம் தூக்கத்தைச் சிறிது தியாகம் செய்யும் பொறுமை இருந்தால் எவரும் இதைத் தாமே கண்டு கொள்ளலாம்.

இதை முதலில் கண்டு எழுதியவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வாழ்ந்த ஜான் குட்ரிக் என்ற இளைஞர். குழந்தைப் பருவத்திலேயே நோயினால் செவிப்புலனை இழந்தவர். அண்டை வீட்டு நண்பர் எட்வர்ட் பிகாட்டுடன் சேர்ந்து வானத்தைக் காவல் காத்தவர். அல்கோல் என்னும் நட்சத்திரம் குறிப்பிட்ட நேரத்தில் மங்குவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத துணைப் பொருள் ஒன்று அதைச் சுற்றிவந்து மறைப்பதாக இருக்கலாம் என்று, பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முன்பே சொல்லி, 1783-ல் ராயல் சொஸைட்டியின் காப்ளி பதக்கத்தைப் பெற்றவர். மறு ஆண்டில், பிகாட் ஈட்டா அக்குயிலே என்ற மீனின் மாற்றத்தைக் கண்டு சில வாரங்கள் செல்வதற்குள், இவர் டெல்டா செபையின் மாற்றத்தைக் கண்டார். 1786-ல், 21-வது வயதில், காலமானார். அவர் விட்டுச் சென்ற இரண்டு விஷயங்களில் ஒன்று விடை, மற்றொன்று வினா. அல்கோலுக்குச் சொன்ன விடையையே டெல்டா செபைக்கும் பொருத்திவிடப் பின்வந்தவர்கள் நூறாண்டுக்கு மேல் செய்த பிரயத்தனமே இக்கட்டுரையின் விஷயம்.

ஒளி மாறும் மீன்களைக் கண்டுபிடிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அருகிலுள்ள மீன்களோடு ஒப்பிட்டு, இது அதைவிட இத்தனை படி தாழ்வு என்று கண்ணால் மதிப்பிட்டு, இரவுக்கு இரவு குறித்து வைப்பதே அத்தொழில். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாராய்ச்சி நிலையத்தில் நார்மன் போக்ஸனின் கீழ்ப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-ல் தென்வானத்து ரெட்டிகுலம் கூட்டத்தில் அப்படி ஒரு மீனைக் கண்டறிந்தார். 278 நாள் கொண்ட நீண்ட காலவட்டத்தில் துடிக்கும் அந்த மீன் இன்றும் ஆர் ரெட்டிகுலி என்ற பெயரால் பட்டியல்களில் இருக்கிறது. நம்மவர் ஒருவர் கண்ட மாறொளி மீன் அது என்று பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் சென்னையிலாயினும் யார்க்கிலாயினும் கண் சொல்லக்கூடியது ஒன்றே: ஒளி கூடிற்று, ஒளி குறைந்தது. அந்த மீன் சுழல்கிறதா, மறைக்கப்படுகிறதா, வீங்குகிறதா என்று கேட்டால் கண்ணுக்குப் பதில் தெரியாது.

பதில் சொல்லும் சக்தி படைத்தது முப்பட்டைக் கண்ணாடி. நட்சத்திரத்தின் ஒளியை ஒரு மெல்லிய பிளவின் வழியே செலுத்திக் கண்ணாடிப் பட்டகத்தால் விரித்தால் கிடைக்கும் நிறமாலையில், அந்த மீனின் மேற்பரப்பிலுள்ள இரும்பு, கால்சியம், ஹைட்ரஜன் முதலிய தனிமங்கள் விழுங்கிய இடங்களெல்லாம் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. ஒளியின் ஊற்று நம்மை நோக்கி வந்தால் அக்கோடுகள் ஊதா நிறத்தின் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்பின் பக்கமும் சிறிது நகர்கின்றன. டாப்ளர் பெயரால் வழங்கும் இந்த விதியை நட்சத்திரங்களுக்குப் பிரயோகிக்க 1868-ல் லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் கண்ணாலேயே முயன்றார். நடுங்கும் கோட்டைக் கண்ணால் அளப்பது எவ்வளவு கடினம் என்பதைத்தான் அம்முயற்சி காட்டிற்று. ஜெர்மனியில் போட்ஸ்டாம் நிலையத்தின் ஹெர்மன் வோகல் 1888 முதல் நிறமாலையைப் போட்டோத் தகட்டில் பதிக்கத் தொடங்கிய பிறகே அளவு நம்பத்தக்கதாயிற்று. 1889-ல் அவர் அல்கோலை அளந்தார். மங்குவதற்கு முன் அது நம்மை விட்டு விலகுகிறது, மங்கிய பின் நம்மை நோக்கி வருகிறது. குட்ரிக் சொன்ன துணை உண்மையிலேயே இருக்கிறது! நூற்றாண்டுக்கு முன் இறந்துபோன ஓர் இளைஞரின் அனுமானம் தகட்டின் மீது எழுதிக் காட்டப்பட்டது. இந்த வெற்றி அளவு கடந்த வெற்றி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அதற்குப் பின் இருபது ஆண்டுகள், கோடு நகர்ந்தது என்றாலே துணை உண்டு என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது.

ரஷ்யாவில், அப்போதைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கின் தெற்கே, புல்கோவோ மேட்டில் 1839-ல் நிறுவப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில், 30 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று 1885-ல் அமைந்தது. அமெரிக்காவின் லிக் நிலையத்துக் கண்ணாடி வரும்வரை உலகத்திலேயே பெரிய வில்லைத் தொலைநோக்கி அதுதான். அந்த இடத்தின் தலைக்கு நேர் மேலே, ஓரிரு பாகை தள்ளித்தான், டெல்டா செபை கடந்து செல்கிறது. காற்றின் கலக்கம் மிகக் குறைவாக இருக்கும் உச்சியில், விரும்பிய மீனே வந்து நிற்கும்படியான பாக்கியம் எல்லா வானசாஸ்திரிகளுக்கும் வாய்ப்பதில்லை. அரிஸ்டார்க் பெலோபோல்ஸ்கி 1894-ல் அத்தொலைநோக்கியில் நிறமாலைக் கருவியைப் பொருத்தி டெல்டா செபையைப் பின்தொடர்ந்தார்.

இவ்வேலையின் இயல்பைச் சிறிது விவரிக்க வேண்டும். ஏனென்றால் முடிவுகளைப் படிக்கும் நமக்கு அதன் உழைப்பு தெரிவதில்லை. மீனின் ஒளியைப் பிளவின் மேலேயே வைத்துக் கொண்டு, தொலைநோக்கி வானத்தின் சுழற்சியோடு பிசகாமல் நகரும்படி கண்ணை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். குளிரில் கருவி சுருங்கினால் கோடுகளும் இடம்பெயரும் ஆகையால், அறிந்த உலோகம் ஒன்றின் ஆவியொளியை மீனின் நிறமாலைக்கு இரு மருங்கிலும் அதே தகட்டில் பதிக்க வேண்டும். தகட்டைக் கழுவி உலர்த்திய பின், நுண்நோக்கியின் கீழ் வைத்து, மீனின் கோடு உலோகத்தின் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று திருகை நகர்த்தி நகர்த்தி அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து ஆங்ஸ்ட்ராம் அலைநீளம் அடங்கும்படி விரித்த தகட்டில், வினாடிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு நகர்ச்சிதான். அதிலும் சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற பூமியின் பங்கை அந்தந்த நாளுக்குத் தக்கபடி கழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நட்சத்திரத்தின் ஓட்டம் என்று நாம் எழுதுவது நம்முடைய ஓட்டமாகவே முடியும்.

இத்தனையும் செய்து பெலோபோல்ஸ்கி கண்டது தெளிவாக இருந்தது: ஒளி எந்தக் காலவட்டத்தில் மாறுகிறதோ அதே காலவட்டத்தில் வேகமும் மாறுகிறது. அடுத்த ஆண்டு ஈட்டா அக்குயிலேயிலும் அப்படியே. ஆகவே துணை ஒன்று உண்டு என்று அவர் கொண்டார். அக்காலத்தில் வேறு எவரும் அப்படியே கொண்டிருப்பார். ஆனால் கணக்கில் ஓர் இடறல் இருந்தது. அல்கோலைப் போலத் துணை வந்து மறைப்பதனால் ஒளி குறைகிறது என்றால், ஒளி மிகக் குறைந்த நேரத்தில் மீன் நமக்குக் குறுக்காகச் சென்று கொண்டிருக்க வேண்டும். அதாவது நோக்குக் கோட்டில் அதன் தனி வேகம் அப்போது பூஜ்யமாக இருக்க வேண்டும். தகடு அப்படிச் சொல்லவில்லை. மீன் மிகப் பிரகாசமாக இருக்கும்போதே மிக வேகமாக நம்மை நோக்கி வருகிறது, மிக மங்கியபோதே மிக வேகமாக விலகுகிறது என்று அது சொல்லிற்று. கிரகணம் இல்லை என்பது அன்றே நிச்சயமாகிவிட்டது. கிரகணம் போயிற்று, துணை மட்டும் போகவில்லை.

பிறகு, லிக் நிலையத்திலும் பிற இடங்களிலும், டெல்டா செபையைப் போல ஒளி மாறுவதால் செபீட் என்று பெயர் பெற்ற வகை மீன்கள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் சுற்றுப்பாதையின் நீளம், நெளிவு, சாய்வு எல்லாம் தசம ஸ்தானம் தவறாமல் கணக்கிடப்பட்டன. இரட்டை மீன்களுக்கென்று வகுத்த கணித முறை ஆயத்தமாகக் கைவசம் இருந்ததும், அதில் எந்த வேகத் தொடரைப் போட்டாலும் ஏதேனும் ஒரு பாதை வெளிவந்து விடும் என்பதும்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அச்சில் எண் பொறித்த பட்டியலுக்கு ஒரு கௌரவம் உண்டல்லவா? ஆனால் அந்தப் பட்டியலையே சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சிரிப்பு வரும். எல்லாச் செபீட்களிலும் உச்ச ஒளியும் உச்ச வேக வரவும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. ஆகாயத்தின் எந்தெந்தத் திக்கிலோ, எத்தனையோ தூரங்களில் சிதறிக் கிடக்கும் இந்த மீன்கள் அத்தனையும், தங்கள் பாதைகளைப் பூமியைப் பார்த்த ஒரே கோணத்தில் திருப்பி வைத்துக் கொண்டிருக்கின்றன என்று இதற்குப் பொருள். பூமியை மையமாக வைத்த பழைய பிரபஞ்சத்தைக் கோபர்னிகஸ் கவிழ்த்து மூன்றரை நூற்றாண்டு ஆனபின் அது இரட்டை மீன் வேஷத்தில் திரும்பி வந்தது போலிருந்தது.

மறுபக்கத்துச் சாட்சியங்களும் சேர்ந்து கொண்டிருந்தன. வாயுக் கோளம் ஒன்று தன் ஈர்ப்பினால் சுருங்கியும் தன் அழுத்தத்தால் விரிந்தும் துடிக்க முடியும் என்று ஆகஸ்ட் ரிட்டர் 1879-லேயே கணித்து எழுதியிருந்தார். வானசாஸ்திரிகள் அதை அதிகம் பொருட்படுத்தவில்லை. நூற்றாண்டு திரும்பும் தறுவாயில் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட், ஈட்டா அக்குயிலேயின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிவதைவிட, நீல ஒளியை அதிகம் ஏற்கும் போட்டோத் தகட்டில் பெரிதாக இருப்பதைக் காட்டினார்; ஒளியோடு உஷ்ணமும் மாறுகிறது என்பது இதன் கருத்து. நிறமாலையின் கோடுகளும் அதையே ஆமோதித்தன. டெல்டா செபை பிரகாசமாக இருக்கையில் ஒரு வகை மீனாகவும், மங்கியிருக்கையில் சுமார் 1,000 டிகிரி குளிர்ந்த மற்றொரு வகை மீனாகவும் தோன்றுகிறது. ஒரு துணை வந்து சுற்றிப் போவதனால் ஒரு மீனின் உடல் முழுவதும் ஏன் ஐந்து நாளுக்கொரு தரம் சுட்டுக் குளிர வேண்டும்?

1913-ல் ஹென்றி ப்ளம்மர், துடிப்பினாலேயே இந்த வேகங்களை விளக்கலாம் என்று குறிப்பிட்டார். 1914-ல், கலிபோர்னியாவின் மௌண்ட் வில்ஸனுக்குப் புதிதாக வந்திருந்த ஹார்லோ ஷாப்லி எல்லாச் சாட்சியங்களையும் ஒரே கட்டுரையில் திரட்டி, துணைச் சித்தாந்தத்தை முடித்து வைத்தார். அவர் வாதத்தின் கூர்மை மிக எளிய ஒரு கணக்கில் இருந்தது. செபீட்கள் மிகப் பெருத்த மீன்கள் என்று அதற்குள் தெரிந்திருந்தது. இன்றைய அளவுகளை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம்: டெல்டா செபையின் ஆரம் சுமார் 3 கோடி கிலோமீட்டர், ஐந்தேகால் நாளில் ஒரு துணை அதைச் சுற்றுவதானால் கெப்ளரின் விதிப்படி அது மையத்திலிருந்து சுமார் ஒன்றரைக் கோடி கிலோமீட்டரில் இருக்க வேண்டும். அதாவது, அந்தத் துணை நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருக்க வேண்டும்! இருபது ஆண்டாக வானசாஸ்திரிகள் பாதை வகுத்துப் பேணி வந்த துணை, இல்லாத துணை. நகர்ந்தது மீன் அன்று, மீனின் மேற்பரப்பு. மீன் வருவதாகத் தெரிந்தபோதெல்லாம் அது வீங்கிக் கொண்டிருந்தது. போவதாகத் தெரிந்தபோது சுருங்கிக் கொண்டிருந்தது. பெலோபோல்ஸ்கியின் தகடுகளில் பிழை ஒன்றுமில்லை. ஓர் எழுத்தைக் கூட மாற்றாமல் வாசிப்பை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தகடுகளைத் தந்த தொலைநோக்கியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் புல்கோவோ மேடு போர்முனையாகிக் கட்டிடங்கள் தரைமட்டமாயின. 30 அங்குல வில்லை மட்டும் தப்பியது.

துடிப்பின் இயக்கவியலை எடிங்டன் கணிதத்தில் வகுத்ததும், துடிப்பை ஓயாமல் ஊக்குவது ஹீலியம் அயனியாகும் ஒரு படலமே என்று 1950-களிலும் 60-களிலும் தெளிந்ததும் வேறொரு சரித்திரம். நான் நிறமாலைக்காரர்களை விட்டு விலக விரும்பவில்லை.

ஏனெனில் அவர்கள் கண்ணை முந்திய சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்காவின் யெர்க்ஸ் நிலையத்தில் எட்வின் ஃப்ராஸ்ட், 1902-ல், அதே செபியஸ் கூட்டத்தின் பீட்டா என்ற மீனின் வேகம் மாறுவதைக் கண்டார். 1906-ல் அதன் காலவட்டம் 4 மணி 34 நிமிஷம் மட்டுமே என்று அறிவித்தார். அம்மீனின் ஒளி மாறுவதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, ஏனெனில் அந்த மாற்றம் கண்ணால் பிடிபடாத சிறிய அளவு. 1913-ல் பெர்லினில் பால் குத்னிக் ஒளிமின் கருவியைக் கொண்டு அளந்தபோதுதான், நிறமாலை சொல்லியிருந்த அதே நான்கரை மணிக் கணக்கில் ஒளியும் அசைவது தெரியவந்தது. ஃப்ராஸ்ட் பிற்காலத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்து, அந்நிலையிலும் 1932 வரை யெர்க்ஸின் தலைவராக நீடித்தார். காது கேளாத ஒருவரால் தொடங்கிய இந்தச் சரித்திரத்தில் கண்ணிழந்த ஒருவரும் இருக்கிறார் என்பதை, ஏதோ ஒரு பொருத்தம் என்று நான் எண்ணிக் கொள்வதுண்டு.

துடிப்பு உறுதியானதும், நிறமாலையின் வேகத்தை வைத்து மீனின் பருமனையே அளந்து விடலாம் என்ற யுக்தி பிறந்தது. மேற்பரப்பு வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் வீதம் இத்தனை நாள் விரிந்தது என்றால் அது எத்தனை கிலோமீட்டர் விரிந்தது என்பது பள்ளிக் கணக்கு. டெல்டா செபைக்கு அது சுமார் 30 லட்சம் கிலோமீட்டர், ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதே நேரத்தில் ஒளியும் நிறமும் எவ்வளவு மாறின என்பதையும் சேர்த்தால் முழு ஆரமும், ஆரத்திலிருந்து மீனின் தூரமும் கிடைக்கும். வால்டர் பாடே 1926-ல் இக்கருத்தை முன்வைத்தார். டச்சுக்காரர் வெஸ்ஸலிங்க் 1946-ல் டெல்டா செபைக்கே அதைச் செய்து காட்டினார். ஹென்ரியெட்டா லீவிட் 1912-ல் வகுத்த விதிப்படி, காலவட்டத்தைக் கொண்டு செபீட்டின் உண்மை ஒளியை அறிந்து அண்டங்களின் தூரத்தை அளக்கும் பெரும்பணிக்கு, இது தனியே நின்று சாட்சி சொல்லும் ஒரு வழியாயிற்று. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. உருண்டை ஒன்று வீங்கும்போது நடுப்பகுதி நேராக நம்மை நோக்கி வருகிறது. ஓரங்களோ பக்கவாட்டில் போகின்றன. தகட்டில் பதிவது இவை எல்லாவற்றின் சராசரியே ஆகையால், அளந்த வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால்தான் உண்மை வேகம் வரும். 24-ஐ 17-ஆல் வகுத்த எண்ணே பல பத்தாண்டுகளுக்குக் கையாளப்பட்டது. 2005-ல், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கண்ணாடிகளின் ஒளியை இணைத்து டெல்டா செபையின் விட்டம் கூடிக் குறைவதை நேராகவே அளந்தபோது அந்த எண் 1.27 என்று வந்தது. இந்தச் சிறு வித்தியாசம் அப்படியே தூரத்தில் ஏறி, அண்டங்களின் தூரம்வரை செல்லும்.

பிறகு, கோடு எங்கே நகர்ந்தது என்பதோடு நில்லாமல், கோட்டின் உருவம் எப்படி நெளிகிறது என்று பார்க்கும் காலம் வந்தது. எல்லா மீன்களும் உருண்டையாகவே வீங்கிச் சுருங்குவதில்லை. ஒரு பக்கம் மேடாகும்போது மறுபக்கம் பள்ளமாகும் அலைகளும் உண்டென்று பெல்ஜியத்தின் பால் லெடூ 1951-ல் காட்டினார். சுழலும் மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி கோட்டின் ஒரு புறமும், விலகும் விளிம்பின் ஒளி மறுபுறமும் விழுகின்றன. ஆகவே கோட்டின் குறுக்கே ஊர்ந்து போகும் சிறு புடைப்பு ஒவ்வொன்றும் மீனின் முகத்தின் மேல் ஓடும் அலை ஒன்றின் நிழல். நட்சத்திரம் எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் ஒரு புள்ளியே. அந்தப் புள்ளியின் முகத்தில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று எண்ணிச் சொல்ல நிறமாலைக்கு முடிந்தது. 1978-ல் தென்னாப்பிரிக்காவில் டொனால்ட் குர்ட்ஸ் பன்னிரண்டே நிமிஷத்தில் துடிக்கும் மீனைக் கண்டார். அவ்வகை மீன்களில் பிரசியோடிமியம், நியோடிமியம் போன்ற அரிய தனிமங்களின் கோடுகள் பெரிதும் ஆடும்போது இரும்பின் கோடுகள் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. ஒவ்வொரு தனிமமும் மீனின் வளிமண்டலத்தில் ஒவ்வொரு உயரத்தில் தங்கியிருப்பதால், கோட்டுக்குக் கோடு துடிப்பு மாறுவது மாடிக்கு மாடி ஏறிப் பார்ப்பது போலாகிறது.

2009-ல் அமெரிக்கர் அனுப்பிய கெப்ளர் என்ற விண்வெளித் தொலைநோக்கி, காற்றின் நடுக்கமும் பகலின் இடையூறும் இல்லாத இடத்திலிருந்து, ஒன்றரை லட்சம் மீன்களின் ஒளியை நான்கு ஆண்டுகள் இமைக்காமல் கண்காணித்தது. ஒளி அளவில் பூமியில் எவரும் கனவு காணாத நுட்பம் அது. இனித் தரையில் உள்ளவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் கெப்ளர் எல்லா நிறங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒளியாகவே அளந்தது. ஆகவே மீனின் உஷ்ணம் என்ன, அதன் மேற்பரப்பின் ஈர்ப்பு எவ்வளவு, அதில் உலோகம் மிகுதியா, அது என்ன வேகத்தில் சுழல்கிறது, ஒன்றா இரண்டா என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. இவை தெரியாவிட்டால் அது அளந்து தந்த நூற்றுக்கணக்கான துடிப்புகளை எந்த மாதிரி மீனோடு பொருத்துவது என்றும் தெரியாது. குட்ரிக்கின் கண்ணுக்கு இருந்த குறையேதான் இங்கும். ஆகையால் ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவின் மலையில், 1.2 மீட்டர் கண்ணாடியே கொண்ட மெர்க்கேட்டர் தொலைநோக்கியும் அதன் ஹெர்மிஸ் நிறமாலைக் கருவியும், ஜெர்மனியின் டவுட்டன்பர்க் நிலையமும், ஒரே வேளையில் 4,000 இழைகளால் 4,000 மீன்களின் ஒளியை ஏந்தும் சீனத்து லாமோஸ்ட் தொலைநோக்கியும் கெப்ளரின் வயலையே உழுதன. நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் இழை வழியே ஒளி பெறும் நிறமாலைக் கருவி ஒன்று உண்டு. செய்தித்தாளில் படம் வருவது விண்கலத்துக்கு. தரையில் இரவு முழுவதும் ஒவ்வொரு மீனாகத் திருப்பி வைத்துக் காத்திருப்பவர்களைப் பற்றி அதிகம் எழுதுவோர் இல்லை.

மெர்க்கேட்டரின் அந்த ஹெர்மிஸ் கருவி டெல்டா செபையையும் விடவில்லை. ஐந்து நாள் துடிப்பின் வேகத்தை மிகச் சரியாக அளந்து கழித்துவிட்டுப் பார்த்தபோது, எஞ்சிய வேகம் பூஜ்யமாக இல்லை. வினாடிக்கு ஓரிரு கிலோமீட்டர் அளவில் மெல்ல ஏறி இறங்கிற்று. 2015-ல் அதை வெளியிட்டவர்கள், சூரியனளவோ அதனினும் சிறியதோ ஆன ஒரு துணை அம்மீனைச் சுமார் 6 ஆண்டில் சுற்றுவதாகச் சொன்னார்கள். பின்னர் சேர்ந்த நிறமாலைகள் அக்காலத்தை 9 ஆண்டுக்குச் சற்று மேல் என்று திருத்தின. பெலோபோல்ஸ்கி தேடிய துணை அதுவன்று. அவர் கண்ட ஐந்து நாள் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த மீனுக்கு நெருங்கிய துணை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது.